கல்லோடு வந்த அழையா விருந்தாளி: விடுவதா, பிடிப்பதா, கொல்வதா?

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் போன் செய்தால் பாதி நேரம் பேச்சு இப்படித்தான் தொடங்கும். "அண்ணே, போட்டோ அனுப்பியிருக்கேன், இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க." போட்டோவைத் திறந்தால் ஒரு கல் இடுக்கு, நீல வெளிச்சம், நடுவில் மங்கலாக ஏதோ ஒன்று. பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "கொன்னுடவா?"

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் கடல்நீர் டேங்க் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்களுக்குக் கல்லும் பவளமும் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் கடைகளிலிருந்து, தெர்மகோல் பெட்டியில் ராத்திரி பஸ் ஏறி வருகின்றன. காசு கொடுத்தது ஒரு கல்லுக்கு. அதன் ஓட்டைகளுக்குள் புழு, நண்டு, நத்தை, நட்சத்திர மீன் என்று என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது. பத்து நாள் கழித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்போதுதான் நமக்குத் தூக்கம் போகும்.

அப்போது முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருந்த இடத்திலேயே விட்டுக் கவனிக்கலாம். பிடித்துத் தனியாக வைத்துப் பார்க்கலாம். இருக்கும் இடத்திலேயே கொல்லலாம். கல்லையே வெளியே எடுத்து மொத்தமாகச் சுத்தம் செய்யலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்க அந்த உயிரின் சரியான பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லில் வரும் புழுக்களில் பலவற்றை இனம் வரை பிரித்துச் சொல்ல நிபுணருக்கே மைக்ராஸ்கோப் வேண்டும். நமக்குத் தேவை ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: இதை இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம் பிடிக்க முடியுமா?

முடியும் என்றால் அவசரமே இல்லை. முடியாது என்றால் பெயர் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. பிடிக்க முடியாமல் போவதற்கு இரண்டு காரணம்தான். ஒன்று, அதற்குள் பெருகி டேங்க் முழுக்கப் பரவிவிடும். ஐப்டேசியா என்ற கடல் அனிமோன், குழாய்க்குள் வாழும் வெர்மெடிட் நத்தை, சிவப்புத் தட்டைப்புழு எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, வளர்ந்து கல்லின் உள்ளே ஆழமாகப் பதுங்கிவிடும். நண்டு, மான்டிஸ் இறால், யூனிசிட் புழு இந்த ரகம். இந்த இரண்டிலும் சேராதவைதான் வருகிறவற்றில் பெரும்பகுதி.

விட்டுப் பார்ப்பது

முதலில் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீணாகக் கொல்லப்படுபவை அவ்வளவு இருக்கின்றன.

பிரிஸ்டில் வார்ம் என்ற முடிப்புழுவைக் கண்டு பயப்படாதவர் இல்லை. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடி பேப்பரை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்க் முன்னால் உட்காருங்கள். சிவப்பு வெளிச்சம் இந்த உயிர்கள் பலவற்றுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாமல் தன் வேலையைப் பார்க்கும். கல்லின் அடியிலிருந்து ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ஒரு புழு பாதி உடம்பை நீட்டும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று முடிக்கற்றை. மீன் விட்டுவிட்ட தீனித் துணுக்கைத் தேடித் தடவிக்கொண்டே வரும், கிடைத்ததும் கவ்விக்கொண்டு பின்வாங்கும். வழியில் ஒரு நத்தை இடித்தால்கூட சட்டென்று சுருங்கி உள்ளே போய்விடும். இதுதான் அதன் குணம். கல்லுக்கடியில் அழுகப்போகிற தீனியைத் தின்று அமோனியா ஏறாமல் காப்பது இதுதான். இந்தப் புழுக்கள் திடீரென்று பெருகினால் தீனி அதிகமாகப் போடுகிறோம் என்று பொருள். தீனியைக் குறைத்தால் எண்ணிக்கையும் தானாகக் குறையும். கை மட்டும் படக் கூடாது. அந்த வெள்ளை முடிகள் ஒடிந்து தோலில் தங்கி எரியும். தங்கிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி இழுத்து எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

பவளத்தைத் தின்னும் தீப்புழு என்று படத்தோடு பரப்பப்படுவது ஹெர்மோடிசி என்ற இனம். அதன் சொந்த ஊர் அட்லாண்டிக், கரீபியன் கடல்கள். நம் பக்கம் வரும் கல் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதியைச் சேர்ந்தது. அதில் இருக்கும் முடிப்புழுக்கள் அநேகமாகக் குப்பை தின்பவைதான்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது யூனிசிட். அதன் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் உடம்பு வானவில் நிறங்களில் மினுமினுக்கும். பக்கவாட்டு முடி குறைவு, தாடை பெரிது, வேகமும் அதிகம். இது நீளமாக வளரும், கல்லுக்குள் ஆழமாகப் போய்விடும். சின்னதாகக் கண்டாலும் விட்டு வைக்க வேண்டாம்.

விட்டுவிடத்தக்கவை இன்னும் நிறைய. ஓட்டையிலிருந்து மெல்லிய கைகளை மட்டும் நீட்டி ஆட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தத்தித் தத்திப் போகும் கோபிபாட். பக்கவாட்டில் தட்டையாக, இறால் குஞ்சு போலத் தெரியும் ஆம்ஃபிபாட். எட்டுத் தகடுகளை முதுகில் அடுக்கிக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும் கைட்டான். தன் மேலோட்டைவிடப் பெரிய உடம்போடு ராத்திரியில் நத்தைக்கு ஒவ்வாத வேகத்தில் ஓடும் ஸ்டொமடெல்லா. இடியாப்பத்தை விடவும் மெல்லிய இழைகளை மணல் மேல் பரப்பி வைத்திருக்கும் புழு. இவை எல்லாம் பாசியையும் அழுக்கையும் மிச்சத் தீனியையும் தின்று வாழ்பவை. கோபிபாடும் ஆம்ஃபிபாடும் மீனுக்கே தீனியாகும். மாண்டரின் மாதிரி மீன் வளர்க்க ஆசை இருந்தால் இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆஸ்டெரினா என்ற குட்டி நட்சத்திரம்தான் சங்கடமான கேஸ். நகத்தளவு இருக்கும், கைகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் பாசிப் படலம் தின்பவை. ஆனால் சில வகைகள் ஜோயாந்திட் என்ற பவள உறவு உயிரின் மேல் ஏறி உட்கார்ந்து கரைத்துவிடுகின்றன. எங்கே உட்காருகிறது என்பதைப் பார்த்தால் போதும். கண்ணாடியிலேயே இருந்தால் விடுங்கள். ஒரே பவளத்தின் மேல் மறுபடி மறுபடி கண்டால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மெதுவாக நகர்வதால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது.

விடுவது என்றால் மறந்துவிடுவது அல்ல. வாரம் ஒரு நாள், ஒரே இடத்திலிருந்து, ஒரே வெளிச்சத்தில் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான்கு வாரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் பெருகுகிறதா, பவளத் தசை குறைகிறதா என்பது தெரிந்துவிடும். ஞாபகத்தை நம்பினால் எல்லாமே பெரிதாகிவிட்ட மாதிரிதான் தோன்றும்.

பெயர் தேடுவது

பெயர் அவசியமில்லை என்று சொன்னாலும், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் வேலை சுலபம். இதற்கு இருக்கும் வழிகளில் கூகுள் லென்ஸ் மாதிரி போட்டோ தேடல்தான் எல்லோரும் முதலில் போவது. நண்டு, நத்தை, நட்சத்திரத்துக்கு ஓரளவு உதவும். புழுவுக்கு நம்பாதீர்கள். இணையத்தில் அதிகம் பரவிய படம் எதுவோ அதன் பெயரைத்தான் சொல்லும். பயமுறுத்தும் இனங்களின் படங்கள்தான் அதிகம் பரவியிருக்கின்றன. உயிர்களின் படத்தைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதைவிட மேல். அங்கே மனிதர்கள் பார்த்துச் சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துகிறார். டேங்கில் எடுத்த படம் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் தப்பில்லை, கேட்கும் விதத்தில் கேட்டால். "இது என்ன?" என்று மட்டும் போட்டால் பத்து பேர் பத்து பெயர் சொல்வார்கள். எவ்வளவு நீளம், பகலிலா இரவிலா, எந்த இடத்தில், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி, கூடவே வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த பத்து விநாடி வீடியோ போட்டால் பதிலின் தரமே மாறிவிடும். நீல விளக்கில் எடுத்த படத்தில் நிறம் ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் விட எனக்குப் பயன்பட்டது நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். விலை குறைவு, கண்ணாடியில் வைத்தே பார்க்கலாம். கால் எத்தனை, கணு இருக்கிறதா, கொடுக்கின் நுனி எப்படி என்பதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அப்புறம், இந்த விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள், படிப்பவர்கள் நம் ஊர்களிலேயே கிடைப்பார்கள். தெரிந்த ஒருவர் இருந்தால் விடாதீர்கள்.

தனியாக வைப்பது

சந்தேகம் இருக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். கொன்றால் திரும்ப வராது, விட்டால் பிடிக்க முடியாமல் போகலாம். தனியாக வைத்தால் இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

எதில் வைப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். தனி பக்கெட் ஒரு வழி. ஐந்து பத்து லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் டேங்கின் தண்ணீரையே ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு துண்டுக் கல்லை ஒளிந்துகொள்ள வைத்துவிட்டால் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது, சூடு ஏறாமல் நிழலில் வைப்பதுதான் பெரிய வேலை. இதில் சிக்கல் கரண்ட். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எவ்வளவு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அளவு போக வேண்டாம், கோடையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலே ஐந்து லிட்டர் தண்ணீரில் ஆக்சிஜன் ஆபத்தான அளவு குறைந்துவிடலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

டேங்கின் உள்சுவரில் மாட்டும் துளையிட்ட அக்ரிலிக் பெட்டி இன்னொரு வழி. மீன் குஞ்சு பிரிக்க விற்பார்களே, அதேதான். பெரிய டேங்கின் தண்ணீர் உள்ளே வந்து போவதால் சூடு, உப்பு எதுவும் மாறாது. கண்ணுக்கு நேராக இருப்பதால் கவனிக்கவும் சுலபம். நண்டுக்கும் நத்தைக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் முட்டையோ குஞ்சோ துளை வழியாக வெளியே போகும் உயிர்களுக்கு இது உதவாது. மான்டிஸ் இறாலையும் இதில் போடக் கூடாது.

பலர் செய்வது மூன்றாவது வழி: தூக்கி சம்பில், அதாவது டேங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில் போட்டுவிடுவது. நண்டுக்குச் சரி. ஐப்டேசியாவுக்கோ வெர்மெடிட்டுக்கோ அது தண்டனையே அல்ல, பண்ணை வைத்துக் கொடுத்த மாதிரி. அங்கே யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், பெருகிப் பெருகி பம்ப் வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும்.

பிடிப்பதற்கு விலை உயர்ந்த பொறி ஒன்றும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, அடியில் ஒரு துண்டு இறால் சதை வைத்துச் சாய்த்து வையுங்கள். வாய்க்காலில் வைக்கும் மீன்பறி மாதிரிதான். உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. நண்டுக்கு இன்னும் சுலபம்: கண்ணாடி டம்ளரைக் கல்லில் சாய்த்து வைத்தால் இரைக்காக உள்ளே வழுக்கி விழுந்த நண்டால் கண்ணாடிச் சுவரில் ஏற முடியாது. காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்த நண்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதலில் கொடுக்கின் நுனி. இரண்டு விரல்களும் கரண்டிபோலக் குழிந்து முடிந்தால் பாசி சுரண்டித் தின்னும் நண்டு. ஊசியாக, கத்திரிபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் சதை வெட்டும் நண்டு. உடம்பெல்லாம் முடி, கொடுக்கு நுனி கறுப்பு என்றால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் இறால் துண்டைப் போட்டுப் பார்த்து, தின்றதும் "மாமிசம் தின்னுது, கெட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. சும்மா கிடைக்கும் இறாலை எந்த நண்டும் விடாது. கடற்பாசித் தாளை ஒரு பக்கம் கட்டி, சாதாரணமான ஒரு சின்ன சாஃப்ட் கோரல் துண்டை இன்னொரு பக்கம் வைத்து, ஒரு நத்தையையும் விட்டு, இறால் எதுவும் போடாமல் ஒரு வாரம் பாருங்கள். அந்த வாரத்தில் நத்தை உயிரோடு இருந்து பாசித் தாள் குறைந்திருந்தால் நண்டின் தரப்பில் பலமான சாட்சி கிடைத்துவிட்டது.

நண்டுகளில் எனக்குப் பிடித்த ஒன்று டிராபீசியா. வழவழப்பான முதுகு, சின்ன உடம்பு, போசிலோபோரா பவளத்தின் கிளைகளுக்குள்ளேயே குடியிருக்கும். பவளத்துக்குள் நண்டைக் கண்ட பதற்றத்தில் இடுக்கியை எடுப்பவர்கள் உண்டு. அந்த நண்டு அந்தப் பவளத்தின் காவல்காரன். கடலில் பவளம் தின்னும் முள் நட்சத்திரம் ஏறி வந்தால் அதன் குழாய்க் கால்களைக் கிள்ளித் துரத்துவது டிராபீசியாதான். பவளம் சுரக்கும் சளிதான் அதற்குக் கூலி. இதைப் பிரித்து எடுத்தால் இரண்டுக்கும் நஷ்டம்.

ராத்திரியில் டேங்கிலிருந்து "டிக்" என்று சத்தம் வந்தால் சந்தேகம் இரண்டு பேர் மேல். பிஸ்டல் இறாலா, மான்டிஸ் இறாலா? பிஸ்டல் இறாலுக்கு ஒரு கை மட்டும் பெரிது. அதைச் சடாரென மூடும்போது உண்டாகும் குமிழி உடைவதில்தான் அந்தச் சத்தம் வருகிறது. மணலில் வளை தோண்டிக்கொண்டு, சில சமயம் கோபி மீனோடு கூட்டாக வாழும். அதை விட்டுவிடலாம். மான்டிஸ் இறாலுக்கு ஒரு கை மட்டும் பெரிதாக இருக்காது. கும்பிட்ட மாதிரி மடித்த இரண்டு தாக்கும் கைகள், காம்பின் மேல் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு கண்கள். மயில் மான்டிஸின் அடியை 2004-ல் அளந்தபோது நொடிக்கு 23 மீட்டர் வரை வேகம் இருந்தது. நத்தை, நண்டு, சின்ன மீன் எதுவும் மிஞ்சாது. காலையில் உடைந்த நத்தை ஓடு கண்டால் கல்லைச் சுற்றி ஓட்டைகளைப் பாருங்கள்; அது குடியிருக்கும் ஓட்டையின் வாசல் உருண்டையாக, சுத்தமாக இருக்கும். அந்தக் கல்லை மட்டும் பக்கெட்டின் மேல் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் ஆர்ஓ தண்ணீரை சிரிஞ்சால் பீய்ச்சினால் வெளியே குதித்துவிடும். விரலை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

புதுக் கல் டேங்குக்குள் போவதற்கு முன்பே, ஒப்படர்த்தியை (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.035 வரை ஏற்றிய நீரில் சில நிமிடம் முக்கினாலும் நண்டு, புழு, இறால் பல வெளியேறும். பவளம் இல்லாத கல்லுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். அதற்கு வேதாரண்யம் உப்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு மெக்னீசியம் மிகுந்த மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். கடல்நீரின் கலவை அந்த உப்பில் இல்லை. டேங்குக்கு வாங்கும் மிக்ஸையே கொஞ்சம் கூடுதலாகக் கரையுங்கள்.

கொல்வது

சில உயிர்களுக்கு யோசிக்கவே கூடாது. ஐப்டேசியா அதில் முதல். பழுப்பு நிறத் தண்டு, மேலே மெல்லிய கூரான கைகள், தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டைக்குள் போய்விடும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டவர்கள் உண்டு. இதைக் கிள்ளினாலோ சுரண்டினாலோ அடிப்பாகத்தில் மிஞ்சும் துணுக்கு ஒவ்வொன்றும் தனி ஐப்டேசியாவாக முளைக்கும். அதனால் கிள்ளுவதை விட விடுவதே மேல்.

கால்சியம் ஹைட்ராக்சைடு தூளைக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாய்த் தட்டின் மேல் மெதுவாக மூடுவதுதான் மலிவான, பலன் தரும் வழி. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான். கும்பகோணத்தில் இது கிடைக்காத பெட்டிக்கடை இல்லை. ஆனால் நிறமோ வாசனையோ சேர்த்திருக்கலாம், அதனால் எதுவும் சேர்க்காத தூளையே தேடி வாங்குங்கள். ஒரே நாளில் நிறைய இடத்தில் வைத்தால் பிஎச் ஏறிவிடும். நாளைக்கு இரண்டு மூன்று என்று நிதானமாகப் போக வேண்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பரவிவிட்டது என்றால் சிரிஞ்ச் போதாது, அதைத் தின்னும் உயிரைத்தான் விட வேண்டும். பெப்பர்மின்ட் இறால் விலை குறைவு, சில தின்னும், சில தின்னாது. காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை நன்றாகத் தின்னும், ஆனால் வேறு தீனிக்குப் பழக மறுத்து மெலிந்து சாகும் மீன் அது. புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பெர்கியா என்ற ஓடில்லா நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும். வேலையைக் கச்சிதமாக முடிக்கும், முடித்ததும் பட்டினி கிடக்கும். அப்போது அதை அடுத்த டேங்க்காரருக்குக் கொடுக்க ஆள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெர்மெடிட்டை அடையாளம் காண்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. கல்லில் சுண்ணாம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் பொடித் தீனி கொஞ்சம் தூவுங்கள். குழாயிலிருந்து விசிறிபோல இறகு விரிந்தால் அது ஃபெதர் டஸ்டர் புழு, சாது. இறகு இல்லாமல் நூல் நூலாகச் சளி வலை மிதந்து வந்து, அதில் தீனி ஒட்டியதும் நூலைத் திரும்ப உள்ளிழுத்துத் தின்றால் அது வெர்மெடிட் நத்தை. அந்தச் சளி பவளத்தின் மேல் படிந்து எரிச்சல் மூட்டிக்கொண்டே இருக்கும். குழாயைக் கல்லோடு ஒட்டிய இடம்வரை உடைத்து, வாயில் ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ) வைத்து அடைத்துவிடலாம். நான்கைந்து இருக்கும்போது செய்தால் ஒரு மாலை வேலை. நானூறு ஆன பிறகு யாராலும் முடியாது.

சிவப்புத் தட்டைப்புழுவில் கொல்வதே ஆபத்தாகலாம். சாகும்போது உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறும். கம்பளம் போல் பரவிய நிலையில் மருந்து ஊற்றினால் மீனும் சேர்ந்து போகும். முதலில் மெல்லிய டியூபால் முடிந்தவரை உறிஞ்சி வெளியேற்றி, பல நாள் இதைச் செய்து, எண்ணிக்கை குறைந்த பிறகுதான் மருந்து. பக்கத்தில் ஆக்டிவேட்டட் கார்பனும் மாற்றத் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும். பெரிய புழுவைக் கல்லுக்குள்ளேயே கொல்வதிலும் இதே சிக்கல். உள்ளே அழுகி அமோனியா ஏறும்.

கல்லையே எடுப்பது

இது கடைசி வழி. ஐப்டேசியா மூடிய கல், பெரிய யூனிசிட் குடியிருக்கும் கல், இவற்றுக்கு மட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டால் எதுவும் மிஞ்சாது. ஆனால் அதோடு நல்ல பாக்டீரியா, கடற்பஞ்சு எல்லாம் போய்விடும். திரும்ப டேங்கில் வைப்பதற்கு முன் தனித் தொட்டியில் வைத்து அழுகல் அடங்கி அமோனியா பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும்.

கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. கொதிநீரை அதன் மேல் ஊற்றவும் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கல்லில் பாலித்தோவா, ஜோயாந்திட் வகை ஒட்டியிருந்தால் அவற்றில் பாலிடாக்சின் இருக்கலாம். கடலுயிர்களில் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. 1971-ல் ஹவாய்த் தீவின் பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கொதிக்கும்போது ஆவியோடு கலந்து மூச்சில் போகும். வெளிநாடுகளில் வீட்டு டேங்க் கல்லைக் கொதிக்க வைத்துக் குடும்பமே ஆஸ்பத்திரியில் படுத்தது பதிவாகியிருக்கிறது. மாற்று மருந்து கிடையாது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும் வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீருக்குள்ளேயே, கையுறையும் கண் கவசமும் போட்டுக்கொண்டு எடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் டிரை ராக்கில், அதாவது உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல்லில் ஆரம்பிக்கலாம். புழு, நண்டு எதுவும் வராது. பதிலுக்கு டேங்க் நிலைபெற மாதக் கணக்கில் ஆகும். பழுப்புப் பாசியும் டைனோ என்ற நுண்ணுயிர்ப் படலமும் மாறி மாறிப் பொறுமையைச் சோதிக்கும். பவளம் ஒன்று வாங்கினாலே அதன் அடிக்கட்டையில் விருந்தாளி வந்துவிடும் என்பதால் முழுப் பாதுகாப்பும் இல்லை. என் விருப்பம் பெரும்பகுதி டிரை ராக், கூடவே கையளவு நல்ல லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் கல்), அதையும் ஒன்றரை மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு. மொத்தத்தையும் கவனிப்பதை விடக் கையளவு கல்லைக் கவனிப்பது சுலபம்.

அந்தக் கல்லை நாமே கடலில் எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை மட்டும் வரக் கூடாது. பூம்புகாரிலிருந்து வேதாரண்யம் வரை நம் கரை சேறும் மணலும், பவளப் பாறை இல்லை. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படியே.

எந்த டேங்குக்கு எது

நூறு லிட்டருக்குக் குறைந்த நானோ டேங்க் என்றால் சந்தேகப்பட்டவுடன் தனியாக எடுத்துவிடுங்கள். சின்னத் தண்ணீரில் ஒரு நண்டு செய்யும் சேதம் பெரிது, பிடிப்பதும் அங்கேதான் சுலபம். முன்னூறு நானூறு லிட்டர், கல் அடுக்கு பெரிது என்றால் பெருகும் ரகத்தை மட்டும் உடனே கவனித்து மற்றதை விட்டுவிடுவதே நல்லது. ஒவ்வொரு புழுவுக்கும் கல்லைக் கலைத்தால் பவளத்துக்கு அந்தக் கலைப்பே கேடு. அக்ரோபோரா, மான்டிபோரா மாதிரி விலை உயர்ந்த பவளம் வைத்திருப்பவர்கள் மட்டும், புதிதாக வரும் ஒவ்வொரு துண்டையும் டிப் செய்து (மருந்து கலந்த நீரில் முக்கி எடுத்து) தனியாக வைக்காமல் டேங்கில் விடவே கூடாது. டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் வாரம் ஒரு முறை என்று பல வாரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எடுத்ததை எங்கே போடுவது என்பதும் முடிவின் ஒரு பகுதி. வாய்க்கால், ஆறு, கடல் எதிலும் விடக் கூடாது, அந்தத் தொட்டியின் தண்ணீரையும் சேர்த்து. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களை மூடிப் படர்ந்த கதை நம் கண்முன் இருக்கிறது. தண்ணீரில் பிளீச் கலந்து ஒரு நாள் வைத்து, பிறகு கழிவுநீரில் விடுங்கள். செத்ததைக் காய வைத்துக் குப்பையில் போடலாம். கொல்ல மனம் வராத மான்டிஸ் இறாலை வளர்க்கவே ஆசைப்படுபவர்கள் சென்னையிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள்; தனி டேங்க் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, உடையாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புங்கள், கவரில் வேண்டாம்.